செருப்போடு உள்ளே வரவும்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். அன்றைக்கு ஆராதனை முடிந்து வந்து, சேலைகூட மாற்றாமல் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். போனை அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "டிக்கெட் போட்டாச்சும்மா, அடுத்த மாசம் ஜெர்மனிக்குக் கிளம்புதேன்" என்றாய். நான் "சரி, நல்லது" என்றேன். பிறகு, "அங்கன பிளக்குக்கு எத்தனை பின்னு?" என்று கேட்டேன்.

"எம்மா, நான் நாட்டை விட்டே போறேங்கேன். நீ பிளக்கைப் பத்திக் கேக்க."

"வேற என்ன கேக்கணும்?"

"ஒனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணுததுக்கு என்ன இருக்கு, எய்யா. வேலைக்குத்தானே போற."

நீ "சரிம்மா, வைக்கேன்" என்று வைத்துவிட்டாய். உன் அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் மிச்ச உள்ளியையும் உரித்து முடித்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அது உள்ளிக்கு வந்த தண்ணீர். உனக்காக வந்தது என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அப்படி எனக்குத் தோன்றவில்லை. அதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்ல வருகிறேன்.

இரண்டு மாதமாக உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். சொன்னால் நீ டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வந்து நிற்பாய், உன்னை எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால், அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறுவாய். இரண்டில் எது மோசம் என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யோசித்து, இரண்டாவதுதான் என்று முடிவு செய்தேன். அதனால் எழுதுகிறேன். நம் சபையின் மாத இதழுக்கு ஏதாவது எழுதித் தரும்படி போதகர் ஐயரவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதையே கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பேராவது படித்தால் நல்லது. அதனால் உனக்குத் தெரிந்த சங்கதியையும் சில இடத்தில் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

நான் பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள். கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கென்று ஆசிரியர் கிடையாது. வயர் இருக்கிற பொருள் எல்லாம் இயற்பியல் டீச்சருடையது என்று அப்போதைய தலைமையாசிரியை சொன்னதால் சாவி என் கைக்கு வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் சாவி என்னிடமேதான் இருந்தது. காலையில் போய் அறையைத் திறந்து, எல்லாவற்றையும் ஓட விட்டு, வகுப்பு தொடங்கும் முன் சரிபார்த்துவிட்டு வருவேன். உன் கம்பெனியில் இதற்கு சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பெயர். உனக்கு அந்த வேலை கிடைத்தபோது, "நம்ம வீட்டுல ரெண்டு அட்மின், ஒரு பயனாளி" என்று அப்பா தன்னைக் காட்டிச் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கும்.

அத்தனை வருடத்தில் எனக்கென்று சில அபிப்பிராயங்கள் சேர்ந்துவிட்டன. புதிய மென்பொருள் வந்தால் எல்லா இயந்திரத்திலும் உடனே போடக் கூடாது; சுவரோரத்து இயந்திரம் ஒன்றில் போட்டு ஒரு வாரம் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்குத் தூசி படியாமல் துணி போர்த்துகிறவர்களைப் போல அதற்குக் கெடுதல் செய்கிறவர்கள் வேறு யாருமில்லை. சித்திரை வெயிலில் உன்னைக் கம்பளியில் சுற்றி உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? பிரிண்டரை ஒருபோதும் நம்பக் கூடாது, அதுவும் பரீட்சை வாரத்தில். விலை கூடின விசைப்பலகை எதுவும் ஏழாம் வகுப்பைத் தாண்டாது. பேக்கப் எடுத்து வைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால், அதிலிருந்து ஒரு கோப்பைத் திருப்பி எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். எடுத்துக் காட்டாதவரை அது வெறும் நம்பிக்கைதான். இதையெல்லாம் நீ என்னிடம் கேட்டுக்கொண்டு வளர்ந்தவன். பிறகு நீ எனக்குச் சொல்ல ஆரம்பித்தாய்.

ஒரு விஷயத்தில் மட்டும் நமக்குள் ஒத்துப்போகாது. நான் தொட்டுப் பார்க்கிறவள். காலையில் அறைக்குள் போனதும் ஒவ்வொரு இயந்திரத்தின் பெட்டியிலும் புறங்கையை வைத்துக்கொண்டே வரிசையாக நடப்பேன். எதில் மின்விசிறி நின்றுபோயிருக்கிறது, எது அளவுக்கு மேல் சூடாகிறது, எதில் மின்சாரம் லேசாகக் கசிந்து கிர்ரென்கிறது என்று கை சொல்லிவிடும். ஏன் புறங்கை என்றால், உள்ளங்கையில் மின்சாரம் பட்டால் விரல்கள் மூடி அதையே பற்றிக்கொள்ளும். புறங்கையில் பட்டால் கை விலகி வரும். இதை எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நீயோ, "நான் பாக்குத மெஷினு எந்த ஊர்ல இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா" என்பாய். "தொட்டே பாக்காத மெஷினுக்கு எப்படிலே பொறுப்பு எடுக்க?" என்று நான் கேட்பேன். திரையில் பச்சை விளக்கு எரிந்தால் நன்றாக இருக்கிறது, சிவப்பு எரிந்தால் கெட்டுவிட்டது, அவ்வளவுதான் என்பாய். எனக்கு அது நாடியைப் பிடிக்காமல் மருந்து எழுதுவதுபோல இருக்கும்.

இன்னொரு பழக்கமும் எங்கள் அறையில் உண்டு. கதவில் ஒரு பலகை: காலணிகளை வெளியே விட்டு வரவும். அது நான் எழுதி மாட்டியது. செம்மண் பள்ளிக்கூடம், தூசி உள்ளே வரக் கூடாது என்பது காரணம். ஆனால் நாளாக நாளாக அது ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. பிள்ளைகள் செருப்பை வரிசையாக விட்டு, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆலயத்துக்குள் வருவதுபோல வருவார்கள். கல்வி அதிகாரி வந்தபோது அவரையே ஷூவைக் கழற்ற வைத்திருக்கிறேன். அவருடைய காலுறையில் ஓட்டை இருந்தது. பாவம், நாற்காலிக்கு அடியில் காலை மடக்கி வைத்துக்கொண்டே ஆய்வை முடித்தார்.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் பாளை மார்க்கெட்டிலிருந்து நானும் அப்பாவும் நடந்து வந்தோம். நான் முன்னால், அவர் பையோடு பின்னால். பின்னாலிருந்து சத்தம். "ஏ டீச்சரம்மா, ஒத்தக் காலுக்கு மட்டும் செருப்பு போடுததுதான் இப்ப ஃபேஷனா?" திரும்பிப் பார்த்தால் ஒரு கையில் கத்தரிக்காய்ப் பை, மறு கையில் என் வலது செருப்பு. கீரை விற்கிற அம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "செருப்பைத் தூக்கிட்டு வார மாப்பிள்ளை யாருக்குக் கெடைக்கும்? குடுத்து வச்சவியக்கா நீங்க." நானும் சிரித்தேன். செருப்பு கழன்று விழுந்தபிறகு தார் ரோட்டில் வெறுங்காலோடு கொஞ்ச தூரம் வந்திருக்கிறேன். வெயில் நேரம். கால் சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை. செருப்பு தேய்ந்துவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினேன். அவ்வளவுதான் நான் அதைப் பற்றி யோசித்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்து சில நாள் ஆகியிருக்கும். இப்போது கம்ப்யூட்டர் நடத்துகிற ஷீபா டீச்சர், உனக்குத் தெரியும், திசையன்விளைப் பக்கத்துப் பிள்ளை, வேகமாகப் பேசும். அவள் வந்து, "டீச்சர், நாலாவது மெஷினைத் தொட்டா கடிக்கி" என்றாள். நான் போய்ப் புறங்கையை வைத்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி வைத்தேன். குளிர்ந்த தகரம், அவ்வளவுதான். "ஒண்ணுமில்லம்மா, கை வேர்த்திருக்கும், உனக்கு அப்படித் தெரியுது" என்றேன். அந்த அறையில் நான் ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதான். யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை. ஷீபாவும் கேட்கவில்லை. "சரி டீச்சர், நீங்க பாத்துட்டியள்லா" என்று வகுப்பைத் தொடங்கினாள்.

சாப்பாட்டு மணிக்குப் பிறகு எட்டாம் வகுப்பு வந்தது. பிள்ளைகள் குழாயடியில் தட்டுக் கழுவி, காலையும் கழுவிக்கொண்டு ஈரத்தோடு உள்ளே வந்தார்கள். செருப்பில்லாமல், என் பலகை சொன்னபடி. அபிஷா என்கிற பிள்ளை நாலாவது இயந்திரத்தில் பென்டிரைவ் செருகப் போய், அலறிக்கொண்டு பின்னால் விழுந்தாள். முழங்கை மேசை விளிம்பில் இடித்துத் தோல் கிழிந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை. ஷீபா அதற்குள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாள். நான் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் ஓடினார்கள். நான் நாலாவது இயந்திரத்தின் அருகே போய், அணைத்துவிட்டார்கள் என்று தெரிந்தும், மறுபடியும் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மின்சாரம் இருந்தபோதும் இல்லாதபோதும் என் கைக்கு ஒன்றாகவே இருந்தது.

எலெக்ட்ரீஷியன் முத்தையா அண்ணாச்சி வந்தார். அவர் வாய்க்கு ஓய்வு கிடையாது, வந்ததும் எல்லோரையும் ஏசுவார். சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டு, டெஸ்டரை எடுத்து முதலில் சுவரிலிருந்த பிளக் துளையில் வைத்தார். விளக்கு எரிந்தது. தலைமையாசிரியை அவசரப்பட்டார்.

"அதுல கரண்ட்டு இருக்குன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே, அண்ணாச்சி. மெஷினைப் பாருங்க."

"கரண்ட்டு இருக்கான்னு பாக்கல, அம்மா. டெஸ்டருக்கு உசுரு இருக்கான்னு பாக்கேன். செத்த டெஸ்டரை வச்சுக்கிட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னா, பொறவு என்னையத்தான் தூக்கிட்டுப் போணும்."

பிறகு நாலாவது பெட்டியில் வைத்தார். நன்றாகவே எரிந்தது. அடுத்ததில், அதற்கடுத்ததில் என்று வரிசை முழுக்க எரிந்தது. அவர் என் பக்கம் திரும்பி, "டீச்சர், காலம்பற நீங்க கை வச்சுப் பாத்ததாச் சொல்லுதாவ?" என்றார். பார்த்தேன் என்றேன். "ஒண்ணுமே தெரியலையா? நானே இதுல கை வைக்கமாட்டேன்." எங்கே, கையைக் காட்டுங்கள் என்றார். காட்டினேன். வலது கை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தோல் வெந்து கொப்புளமாக இருந்தது. தோசைக்கல்லில் சுட்டதாக இருக்கும். எப்போது பட்டது என்று எனக்குத் தெரியாது. அவர் அதைப் பார்த்தார், ஷீபாவும் பார்த்தாள். அண்ணாச்சி அன்றைக்கு அதற்குப் பிறகு யாரையும் ஏசவில்லை.

என்ன நடந்தது என்று விளக்கிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். குளத்துக்கு மறுகால் என்று ஒன்று உண்டல்லவா, மிஞ்சின தண்ணீர் வெளியேறுகிற வழி? மின்சாரத்துக்கு எர்த் கம்பி அப்படி. எந்த இயந்திரத்திலும் துளித்துளியாய்க் கசிவு இருக்கும். எர்த் கம்பி அதை மண்ணுக்குள் கொண்டுபோய்விடும். எங்கள் அறைக்குப் பின்னால் அதற்கு ஒரு குழி, கரியும் உப்பும் போட்டது. மண் காய்ந்துபோனால் குழி வேலை செய்யாது, அதனால் சனிக்கிழமைதோறும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவேன். மே விடுமுறையில் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குத் தளம் போட வந்தவர்கள் அந்தக் குழியையும் சேர்த்துச் சிமெண்டால் மூடி, கம்பியையும் அறுத்துவிட்டார்கள். அது என்ன குழி என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? மறுகாலை அடைத்தாயிற்று. நாலாவது இயந்திரத்தின் பவர் சப்ளையும் கெட்டுப்போயிருந்தது. மிஞ்சினது எல்லாம் எல்லாப் பெட்டியிலும் ஏறி நின்றது. யார் ஈரக்காலோடு தொடுகிறார்களோ அவர்கள் வழியாகத்தான் அது மண்ணுக்குப் போகும். இதில் குழியை மூடினது ஒரு தப்பு, செருப்பைக் கழற்ற வைத்த பலகை ஒரு தப்பு. ஆனால் இரண்டையும் காட்டிக்கொடுக்கத்தான் என் கை இருந்தது. அது காட்டிக்கொடுக்கவில்லை.

மறுநாள் அப்பா என்னை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் சின்ன வயதுக்காரர், உன் வயதிருக்கும். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஒரு நைலான் நரம்பால் காலிலும் கையிலும் தொடுவேன், தெரியும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி கவனமாக உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "எப்ப டாக்டர் ஆரம்பிப்பிய?" என்று கேட்டேன். "முடிச்சாச்சும்மா" என்றார். கண்ணைத் திறந்தால் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருக்கிறார். சர்க்கரை, தம்பி. வருடக்கணக்காக இருந்திருக்கிறது. வலி இல்லாததால் நான் பார்க்கவில்லை. நரம்பு போனது திரும்பி வருவது கஷ்டம், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார். வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் நடக்க வேண்டும், தினமும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். அப்பாதான் பார்க்கிறார். "மகாராணி பாதத்துல இன்னைக்கு ஒரு கீறலும் இல்ல" என்று தினமும் சத்தமாக அறிவிக்கிறார். பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கும்.

இதில் நீ கவலைப்பட வேண்டியது அவ்வளவு இல்லை. சாப்பாட்டைக் குறைத்தாயிற்று, அளவும் இறங்கிவிட்டது. நான் உனக்குச் சொல்ல நினைத்தது வேறு. அன்றைக்கு அபிஷா விழுந்தபோதும், டாக்டர் முடித்தாயிற்று என்றபோதும், அறைச் சாவியைக் கொடுத்தபோதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பயமோ வெட்கமோ வந்திருக்க வேண்டும். பல்லுக்கு மரப்பு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அப்படி இருந்தது. தலைமையாசிரியை, "சாவியெல்லாம் வேண்டாம் டீச்சர், நீங்க சும்மா வந்து உக்காந்திருந்தாப் போதும், அதுவே எங்களுக்குத் தைரியம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் உட்கார்ந்திருந்தால் ஷீபா மறுபடியும் என் கையைத்தான் நம்புவாள். அதனால் முடியாது என்று சொல்லிச் சாவியை அவளிடம் கொடுத்தேன். அட்மின் கடவுச்சொல்லையும் மாற்றச் சொன்னேன். அவள் புதியதை அடிக்கும்போது வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "டீச்சர், நீங்க பாக்கலாம்" என்றாள். "பாக்கக் கூடாதும்மா" என்றேன். அவள்தான் அழுதாள். நான் அவள் மூக்குத் துடைக்க என் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, பிரிண்டரின் மை எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நீ முன்பு சொன்ன ஒரு சங்கதி நினைவுக்கு வந்தது. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்திருந்தாய். உன் போன் நாள் முழுக்கச் சத்தமே போடவில்லை. எச்சரிக்கை எதுவும் வரவில்லை, எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நிம்மதியாகக் கேக் தின்றாய். சாயங்காலம் பார்த்தால், எச்சரிக்கை அனுப்புகிற இயந்திரமே காலையில் நின்றுபோயிருந்தது. அதற்குப் பின்னால் மற்றவை ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. அன்றைக்கு நீ மடிக்கணினியோடு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டே, "சத்தம் வரலன்னா எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தமில்லம்மா. சத்தம் போடுதவன் செத்துக் கெடக்கலாம்" என்றாய். முத்தையா அண்ணாச்சி பிளக்கில் டெஸ்டரை வைத்துப் பார்த்ததும் அதுதான். இயற்பியல் நடத்திய எனக்கும் அது தெரியும், பிள்ளைகளுக்குச் சொல்லியும் இருக்கிறேன். என் கையையும் ஒரு கருவியாக நினைத்து, அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஆகையால் நம் பழைய தகராறில் நான் தோற்றதாகவே வைத்துக்கொள். நீ தொடாமல் பார்க்கிறவன், அதனால் உன் கருவியைச் சந்தேகப்படக் கற்றுக்கொண்டாய். நான் தொட்டுப் பார்த்தவள், அதனால் சந்தேகப்படவே இல்லை. இப்போது நானும் உன்னைப் போலத்தான் இருக்கிறேன். குளிக்கும் தண்ணீரின் சூட்டை வெப்பமானி வைத்துப் பார்க்கிறேன். காப்பித் தம்ளரை அப்பா தொட்டுப் பார்த்துத் தருகிறார்.

நீ ஞாயிற்றுக்கிழமை கேட்டாய், ஒன்றுமே தோன்றவில்லையா என்று. ஆமாம், தோன்றவில்லை. அது உண்மை. ஆனால் ஒன்றுமே இல்லை என்று அதைப் புரிந்துகொண்டு போய்விடாதே. நாலாவது இயந்திரத்தில் கை வைத்து நான் ஒன்றுமில்லை என்று சொன்னபோது அதில் ஒரு பிள்ளையைத் தூக்கி எறிகிற அளவுக்கு இருந்தது. எனக்குள் இப்போது அதேபோலத்தான் ஏதோ, செத்த டெஸ்டர் மாதிரி, எரியாமல் இருக்கிறது. அது சர்க்கரையாலா, சாவி போனதாலா, நீ போவதாலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காலம் போனால் எரியலாம். எரியாமலும் போகலாம். இதற்காக நீ டிக்கெட்டை ரத்து செய்தால், மிச்ச நாளெல்லாம் உன்னைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஏதாவது தெரிகிறதா என்று நானே என்னைச் சோதித்துக்கொண்டிருப்பேன். அது வேண்டாம். நீ போ.

பிளக்கைப் பற்றி ஏன் கேட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். உன் மடிக்கணினியின் பிளக்கில் மூன்று பின் இருக்கிறது. மேலே இருக்கிறது நீளமாகவும் தடியாகவும் இருக்கும், பார்த்திருப்பாய். அதுதான் எர்த். அது நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. செருகும்போது மற்ற இரண்டுக்கும் முன்னால் அது தொட வேண்டும். பிடுங்கும்போது மற்ற இரண்டும் விட்ட பிறகுதான் அது விட வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளில் அதில் ஒன்றுமே ஓடாது, அதனால் அது தேவையில்லை என்று நினைத்து உடைத்துப் போடுகிறவர்கள் உண்டு. ஷீபாவிடம் ஜெர்மனி பிளக்கின் படத்தை இணையத்தில் எடுத்துக் காட்டச் சொன்னேன். அங்கே இரண்டு பின்தான், எர்த் பக்கவாட்டில் தகடாக இருக்கிறது. நம்மூரில் விற்கிற மலிவு அடாப்டரில் அந்தத் தகடு கிடையாது. அதைச் செருகினால் மடிக்கணினியில் கை வைக்கும்போதெல்லாம் கிர்ரென்னும். அதனால் இங்கிருந்து எதுவும் வாங்கிக்கொண்டு போகாதே. அங்கே போய், எர்த் உள்ள கம்பியாகப் பார்த்து வாங்கு. குளிர் தேசம், உன் கை நன்றாக இருக்கட்டும்.

அறையின் விஷயமும் முடிந்துவிட்டது. தளத்தை உடைத்து, புதுக் குழி வெட்டி, கம்பியை மாற்றியாயிற்று. கசிவு வந்தால் தானே அணைந்துபோகிற சுவிட்சு ஒன்றையும் அண்ணாச்சி மாட்டியிருக்கிறார். அதில் சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான் உண்டு. வாரம் ஒரு தடவை அழுத்த வேண்டும், அது ஷீபாவின் வேலை. நேற்று நான் போய்ப் பழைய பலகையைக் கழற்றினேன். புதிதாக ஒன்று எழுதி மாட்டினேன்: செருப்போடு உள்ளே வரவும். பிள்ளைகளுக்கு நம்பிக்கை வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றி, பலகையைப் படித்து, மறுபடி போட்டு, என் முகத்தைப் பார்த்து, மறுபடி கழற்றினார்கள். அபிஷா, முழங்கையில் இன்னும் தழும்பு, "டீச்சர், நீங்க மொதல்ல போங்க" என்றாள். அத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் செருப்போடு அந்த அறைக்குள் நடந்தேன். கடைசி வரிசை வரை போய்த் திரும்பினேன். தரை என் காலுக்குத் தெரியவில்லை. பின்னால் பிள்ளைகளின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

கிளம்புவதற்கு முன்னால் நீ இங்கே வருவாய். எப்போதும்போல முன்னறையில் முழங்காலில் நிற்பாய். அப்பா ஜெபம் பண்ணுவார், விமானம், விமானி, ஜெர்மனியின் அரசாங்கம் என்று ஒன்றையும் விடமாட்டார். நான் உன் தலையில் கை வைப்பேன். உன் முடி என் கைக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை நான் அழமாட்டேன். என் முகத்தைப் பார்த்து எதையும் தீர்மானிக்காதே. கை இருப்பது உன் தலைக்குத் தெரியும், அதை நம்பு. அப்பா ஆமென் சொன்ன பிறகும் நான் கையை எடுக்காமல் இருந்தால், மறந்துபோய் வைத்திருக்கிறேன் என்று எழுந்துவிடாதே. கொஞ்ச நேரம் அப்படியே இரு.

உன் அம்மா